மடக்குக் கத்தியின் முத்திரையும் காலக்கணிப்பும்

காலம் குறிக்கப்பெறாத நூலொன்றின் காலத்தை வரையறுக்க முற்படும் ஆய்வாளர், அகச்சான்று, புறச்சான்று என்னும் இருவகைச் சான்றுகளைத் துணைக்கொள்வர். எந்த ஆண்டிற்கு முன் அந்நூல் தோன்றியிருக்க இயலாது என்பதை மேலெல்லையாகவும், எந்த ஆண்டிற்குப் பின் தோன்றியிருக்க இயலாது என்பதைக் கீழெல்லையாகவும் கொண்டு, இரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தை மெல்ல மெல்லக் குறுக்கிக்கொண்டு வருவர். தமிழ் பயிலும் மாணவர்கள் அனைவரும் அறிந்த இந்நெறி ஏட்டிற்கும் கல்வெட்டிற்கும் மட்டும் உரியதன்று. ஒரு விரல் நீளமே உள்ள மடக்குக் கத்திக்கும் அது பொருந்தும் என்பதை, எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்த கத்தி ஒன்று எனக்குக் கற்பித்தது.

அக்கத்தி என் பாட்டனாரின் தந்தையார் பினாங்கில் வணிகம் செய்த காலத்தில் வாங்கியது என்பது எங்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவந்த செய்தி. அரபுத் தமிழில் கணக்கெழுதுவதற்கான நாணற் பேனாவை அவர் இதனாலேயே சீவினார் என்றும் கூறுவர். பேனாக்கத்தி என்ற பெயரே இறகையும் நாணலையும் சீவியதனால் வந்ததாகலின், செய்தி நம்பத்தக்கதாகவே தோன்றியது. கத்தியை விரித்து, அலகு பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியபோது சில ஆங்கில எழுத்துகள் தென்பட்டன. அவை கூறியதை இறுதியில் உரைப்பேன். அவற்றைப் படிக்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

முத்திரையின் வரலாறு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரமும் ஜெர்மனியின் சோலிங்கன் நகரமும் கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. ஷெஃபீல்டை உள்ளடக்கிய ஹாலம்ஷயர் வட்டாரத்துக் கத்தித் தொழிலாளர் சங்கம், 1624ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்றது. கத்தி செய்வோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி முத்திரையை வழங்கிப் பதிவு செய்வது இச்சங்கத்தின் தலையாய பணிகளுள் ஒன்று. எழுத்தறியாத மக்களும் கண்டு தெளியும் வண்ணம் அம்முத்திரைகள் பெரும்பாலும் உருவங்களாகவே அமைந்தன. ராட்ஜர்ஸ் குடும்பத்தாருக்கு 1764இல் விண்மீனும் மால்ட்டாச் சிலுவையும் சேர்ந்த முத்திரை கிடைத்தது. சோலிங்கனில் பீட்டர் ஹென்கெல்ஸ் என்பார் 1731இலேயே இரட்டையர் உருவத்தைத் தம் முத்திரையாகப் பதிவு செய்திருந்தார்.

வோஸ்டன்ஹோம் நிறுவனத்தின் முத்திரை சுவை மிக்கது. 'ஐ' என்னும் எழுத்து, ஒரு விண்மீன், பின்னர் 'எக்ஸ்', 'எல்' என்னும் எழுத்துகள். சேர்த்து ஒலித்தால் 'நான் சிறந்து விளங்குகிறேன்' என்னும் ஆங்கிலத் தொடராகும். சிலேடை நம் புலவர்க்கு மட்டும் உரியதன்று போலும்! ஆயினும் இங்கே ஆய்வாளர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இம்முத்திரை 1787இல் முதன்முதல் பதிவானது வேறொருவர் பெயரில். வோஸ்டன்ஹோம் குடும்பத்திற்கு அது பின்னரே வந்தது. முத்திரை என்பது நிலத்தைப் போல ஒரு சொத்து. அது விற்கப்படும், வாங்கப்படும், மரபுரிமையாகவும் வரும். ராட்ஜர்ஸ் நிறுவனம் 1971இல் வோஸ்டன்ஹோம் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. அதன்பின் அவ்விரு முத்திரைகளும் மீண்டும் கைமாறின. ஆகவே, முத்திரை பதிவான ஆண்டைக் கத்தி பிறந்த ஆண்டாகக் கொள்வது, ஒருவரின் குடும்பப் பெயரைக் கொண்டு அவர் வயதைச் சொல்வதை ஒக்கும்.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. முத்திரை காட்டுவது நிறுவனத்தின் பெயரையே. கத்தியை ஆக்கிய கையை அன்று. ஷெஃபீல்டில் இரும்பை அடித்து அலகாக்குவோர், அதனைச் சாணை பிடிப்போர், பிடி பொருத்துவோர் எனத் தொழில் பலராகப் பிரிந்து கிடந்தது. அவருட் பலர் சிறு பட்டறைகளில் இருந்துகொண்டு பெரிய நிறுவனங்களுக்காக உழைத்தவர்கள். மணற்கல்லில் சாணை பிடிப்போர் அக்கல்லின் தூசியைச் சுவாசித்து நுரையீரல் நோயுற்று இளமையிலேயே இறந்தனர் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் எழுதிவைத்த துயரச் செய்தி. பளபளக்கும் அலகில் அவர்தம் பெயர் எங்கும் இல்லை.

எல்லைகளைக் காண்டல்

எழுத்துகள் கூடிய முத்திரையே காலக்கணிப்பிற்கு மிகுதியும் உதவுவது. அரசரின் பெயர்க்குறி அவற்றுள் முதன்மையானது. அரண்மனைக்குக் கத்தி வழங்கும் உரிமை பெற்ற நிறுவனங்கள் மணிமுடியின் இருபுறமும் அரசரின் பெயர் முதலெழுத்தையும் 'ஆர்' என்னும் எழுத்தையும் பொறித்தன. அரசர், அரசி இருவரையும் குறிக்கும் இலத்தீன் சொற்கள் அவ்வெழுத்தில் தொடங்குவதே அதற்குக் காரணம். 'வி.ஆர்.' எனில் விக்டோரியா அரசியின் காலம், அதாவது 1837 முதல் 1901 வரை. 'டபிள்யூ.ஆர்.' எனில் நான்காம் வில்லியம் ஆண்ட 1830-1837. 'ஜி.ஆர்.' என்பதோ இடர் தருவது. நான்காம் ஜார்ஜ் 1820 முதல் 1830 வரை ஆண்டார். ஐந்தாம் ஜார்ஜ் 1910இலும் ஆறாம் ஜார்ஜ் 1936இலும் அரியணை ஏறினர். ஒரே பெயருடைய புலவர் பலரை ஒருவராகக் கருதி மயங்கிய இலக்கிய வரலாற்றுப் பிழைகளை நாம் அறிவோம். அம்மயக்கம் இங்கும் நேரும்.

அதனைத் தீர்ப்பது பெரும்பாலும் நாட்டின் பெயரே. அமெரிக்க நாடு 1890இல் இயற்றிய மெக்கின்லி சுங்கச் சட்டம், அந்நாட்டிற்கு இறக்குமதியாகும் பொருள்களில் அவை ஆக்கப்பட்ட நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் என விதித்தது. 1891 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பின் 'ஷெஃபீல்டு' என்று மட்டும் இருந்த இடத்தில் 'ஷெஃபீல்டு, இங்கிலாந்து' என்பது பரவலாயிற்று. எனினும், 'இங்கிலாந்து' என்னும் சொல் இல்லாத கத்தியெல்லாம் 1891க்கு முற்பட்டது என முடிவு கட்டுதல் தவறு. அமெரிக்காவிற்குச் செல்லாத சரக்கிற்கு அக்கட்டாயம் இல்லை. ஒரு சொல்லின் இருப்பு தரும் சான்று வலியது. இன்மை தரும் சான்று மெலியது.

சோலிங்கன் கத்திகள் சிலவற்றில் 'ஷெஃபீல்டு' எனப் பொய்யாகப் பொறித்து விற்கும் வழக்கமும் அந்நாளில் இருந்தது. ஷெஃபீல்டார் இதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். 1887இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் இயற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். 'ஜெர்மனியில் செய்யப்பட்டது' என்னும் தொடரை இழிவுக் குறியாக ஒட்டவைக்க முயன்றார்கள். அது நாளடைவில் நற்சான்றாக மாறிப்போனது வேறு கதை. பின்னர் 1938இல் ஜெர்மனி, சோலிங்கன் வட்டாரத்தில் ஆக்கப்பட்டவற்றிற்கு மட்டுமே அப்பெயரைப் பொறிக்கலாம் எனச் சட்டம் செய்தது.

உலோகமும் சான்று பகரும். துருவேறா எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல் உருவாக்கினார். 'ஸ்டெயின்லெஸ்' எனப் பொறித்த கத்தி அதற்கு முற்பட்டதாதல் இயலாது. பழைய அலகுகளில் 'வார்ப்பு எஃகு' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களைக் காணலாம். அது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஷெஃபீல்டில் மூசையிலிட்டு உருக்கிய எஃகின் வழிவந்தது. மூசையிலிட்டு எஃகு உருக்கும் கலையைத் தென்னிந்தியா அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. இலண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்திய உருக்கைப் போற்றிப் பயன்படுத்தினார். மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820இல் கட்டுரையும் வெளியிட்டார். நம் மாணவர்கள் தனியே ஆராயத்தக்க பொருள் இது.

சில நிறுவனங்கள் ஆய்வாளர்க்கு வேலையே வைப்பதில்லை. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் தொடங்கிய நிறுவனம் 1909இல், மறைந்த தம் அன்னையின் பெயரால் 'விக்டோரியா' எனப் பொறிக்கத் தொடங்கிற்று. துருவேறா எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்பது 1921இல் சேர்ந்து 'விக்டோரினாக்ஸ்' ஆயிற்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிராட்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த கேஸ் நிறுவனத்தின் முறை இன்னும் வியப்பானது. 1970இல் தன் முத்திரையின் கீழ்ப் பத்துப் புள்ளிகளை இட்டது. அடுத்த ஆண்டு ஒன்பது. இவ்வாறு ஆண்டிற்கு ஒன்றாகக் குறைந்து 1979இல் ஒரே புள்ளி எஞ்சியது. 1980இல் எழுத்தின் வடிவத்தைச் சிறிது மாற்றி, மீண்டும் பத்திலிருந்து தொடங்கினர். நான்கு புள்ளியுள்ள கத்தி 1976க்கு உரியது எனப் பள்ளிச் சிறுவனும் கணக்கிட்டுவிடலாம். கல்வெட்டில் ஆட்சியாண்டைப் பொறித்த நம் முன்னோரின் நினைவு வருகிறதல்லவா?

சேகரிப்போர்க்குச் சில சொற்கள்

முத்திரைக்கு மதிப்புண்டெனில் போலி முத்திரையும் உண்டு. சாணையேறித் தேய்ந்து பாதியான அலகில் முத்திரை மட்டும் நேற்றுப் பொறித்தது போலக் கூர்மையாக இருப்பின் ஐயுறுக. இரண்டு அலகுடைய கத்தியில் ஒன்று மட்டும் துருப்பிடித்து மற்றது புதிதாய் விளங்கினால், அது பின்னர் மாற்றப்பட்டதாகலாம். ஏட்டில் இடைச்செருகல் போன்றது அது. முத்திரை அச்சு தேயும்வரை பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்பதையும், முன்பே முத்திரையிட்டு வைத்த அலகுகள் சில ஆண்டு கழித்துக் கத்தியாகியிருக்கலாம் என்பதையும் நினைவிற்கொண்டு, நம் எல்லைகளில் ஐந்தாறு ஆண்டுகள் நெகிழ்ச்சி தருதல் வேண்டும்.

துருவைப் போக்க உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் கத்தியின் பிறப்புச் சான்றைத் தம் கையாலேயே அழிக்கிறார்கள். எண்ணெய் தோய்ந்த துணி போதும். முத்திரையருகே அதுவும் மென்மையாகவே படவேண்டும். பழைய ஷெஃபீல்டு கத்திகள் பலவற்றின் பிடி யானைத் தந்தத்தால் ஆனது. அத்தகையவற்றை நம் நாட்டில் வாங்குவதும் விற்பதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதைச் சேகரிக்கும் ஆர்வமுடைய இளைஞர் மறவாதிருத்தல் நன்று.

வீட்டுக் கத்தி

இனி எங்கள் கத்திக்கு வருவோம். அதன் பிடி கொம்பினால் ஆனது. அலகின் அடியில் விண்மீனும் சிலுவையும் மங்கலாகத் தெரிந்தன. மணிமுடியின் இருபுறமும் 'ஜி', 'ஆர்'. அதன்கீழ் ஜோசப் ராட்ஜர்ஸ் பெயரும், 'மாட்சிமை தங்கிய அரசருக்குக் கத்தி வழங்குவோர்' என்னும் பொருளுடைய வரியும். அரசி என்னாது அரசர் என்றமையால் விக்டோரியாவின் அறுபத்து நான்கு ஆண்டுகளும் விலகின. எஞ்சியவை இரண்டு: நான்காம் ஜார்ஜின் காலம், அல்லது 1910க்குப் பிற்பட்ட காலம். மறுபக்கத்தில் 'ஷெஃபீல்டு' என்பதை அடுத்து 'இங்கிலாந்து' என்றிருந்தது. ஆக, மேலெல்லை 1910.

எங்கள் ஊர் மையவாடியில் பாட்டனாரின் தந்தையாருக்கு நட்ட மீசான் கல் உள்ளது. அதில் பொறித்த ஆண்டு ஹிஜ்ரி 1317; ஆங்கில ஆண்டு 1899-1900க்கு நேரானது. அவர் மறைந்து பத்தாண்டேனும் கழிந்த பின்னரே அக்கத்தி பிறந்திருக்கிறது. அதை அவர் கண்டிருக்கவே முடியாது.

இதனை வாப்பாவிடம் சொல்வதா, விடுவதா எனச் சில நாள் தயங்கினேன். எண்பத்தைந்தை எட்டும் முதியவரின் நம்பிக்கையைக் கலைத்து ஆவதென்ன என்று ஒரு மனம் கூறியது. வகுப்பறையில் சான்றுக்கே தலைவணங்குக எனக் கற்பித்துவிட்டு வீட்டில் வாய்மூடியிருத்தல் எவ்வாறு பொருந்தும் என்று மற்றொரு மனம் இடித்தது. இறுதியில் கண்ணாடியையும் கத்தியையும் அவர் கையிலேயே கொடுத்து, ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினேன்.

நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "இந்த ராஜா எப்போ வரைக்கும் இருந்தாரு?" என்று கேட்டார். ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை என்றேன். என் பாட்டனாரும் பினாங்கில் கடை வைத்திருந்தவர். அவர் அங்கிருந்து 1931இல் எழுதிய கடிதம் ஒன்று அதே தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. செய்தி தந்தைக்கு உரியதாயினும் பொருள் மகனுக்கு உரியதாக இருக்கவேண்டும். சொல்லிச் சொல்லி அது ஒரு தலைமுறை மேலேறிவிட்டது போலும்.

வாப்பாவின் ஏழாம் வயதில் பாட்டனார் மறைந்துவிட்டார். அவருடைய நிழற்படம்கூட எங்களிடம் இல்லை.

"அப்போ இது எங்க வாப்பா கைப்பட்டதா?" என்றார்.

"அப்படித்தான் தெரியுது வாப்பா" என்றேன்.

கத்தியை மடக்கினார். தகரப் பெட்டியை நான் நீட்டியும் அதில் இடாமல், தம் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.