பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கட்டுப்படியான டயர்

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த டயர் பொருந்தும் என்பதை ரிம்மின் விட்டம், ரிம்மின் அகலம், டயரின் முழு உயரம், அது தாங்கும் எடை ஆகிய நான்கும் சேர்ந்து முடிவு செய்கின்றன. விலையும் முத்திரையும் அதற்குப் பிறகுதான். இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டருக்கு உரிய ரேடியல் அளவுகளில் ஒன்று 155ஆர்14. இதில் 155 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்று இதில் எழுதியிருக்காது. எழுதாத பழைய டயர்களில் அதை ஏறக்குறைய 82 என்று கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் டயரின் முழு உயரம் 610 மில்லிமீட்டர் வருகிறது. மாற்று டயர் இந்த உயரத்திலிருந்து இரண்டு, மூன்று விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது. விலகினால் வேகமானி தவறாகக் காட்டும், கியரின் கணக்கு மாறும், குட்டையானால் வண்டியின் அடிவயிறும் தரையை நெருங்கும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எந்த அளவு மலிவாகக் கிடைக்கும் என்பது தேசியக் கார்களைப் பொறுத்தது. புரோட்டோன் ஈஸ்வராவும் வீராவும் பல்லாண்டு ஓடியதால் 175/70ஆர்13 பிரபலமானது. மைவியும் அக்ஸியாவும் 175/65ஆர்14 அளவைச் சிற்றூர் டயர் கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. 185/60ஆர்14 அளவும் அப்படித்தான். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்குத் தொழிற்சாலையிலேயே 185/60ஆர்14 போடப்பட்டது என்பதால் அதன் உரிமையாளருக்குத் தேடும் வேலையே இல்லை. ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் 1500 வைத்திருப்பவருக்கும் பெரிய கவலை இல்லை. அதன் 155ஆர்13 டயரின் உயரம் 584 மில்லிமீட்டர். ஈஸ்வராவின் 175/70ஆர்13 டயரின் உயரம் 575. ஒன்றரை விழுக்காடு வித்தியாசத்தை அந்த வண்டி பொருட்படுத்தாது.

எம்ஜிபி போன்ற 14 அங்குல ரிம் வண்டிகளுக்குத்தான் சங்கடம். ரிம் ஒன்றாக இருந்தாலும் உயரம் ஒன்றல்ல. 185/60ஆர்14 டயரின் உயரம் 578 மில்லிமீட்டர்தான், அதாவது ஐந்து விழுக்காட்டுக்கும் மேல் குட்டை. வேகமானி 110 காட்டும்போது வண்டி உண்மையில் 104 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அடிப்பகுதி 16 மில்லிமீட்டர் இறங்கிவிடும். சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டங்கள் செம்பனையாக மாறிய பிறகு, குலை ஏற்றிய லோரிகள் குதறிய செம்மண் பாதைகளில் அந்த 16 மில்லிமீட்டருக்குப் புகைக்குழாய் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த வண்டிக்கு ஏற்றது 185/70ஆர்14. அதன் உயரம் 615, மூல அளவுக்கு மிக நெருக்கம். அது கிடைக்காவிட்டால் 185/65ஆர்14 போதும். 596 மில்லிமீட்டரில் அது வரம்புக்குள் நிற்கிறது. 185/70 அளவுக்கு ரிம்மின் அகலம் குறைந்தது நாலரை அங்குலமும் 185/65 அளவுக்கு ஐந்து அங்குலமும் இருக்க வேண்டும். பின் மட்கார்டின் உள்விளிம்பில் டயர் உரசுகிறதா என்று இருவர் ஏறி அமர்ந்து பார்ப்பது நல்லது.

எடைக்கும் வேகத்துக்கும் உரிய குறியீடு அளவின் பின்னால் இருக்கும். 82எச் என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், மணிக்கு 210 கிலோமீட்டர் வரை ஈடுகொடுக்கும். ஒரு டன் அளவே எடையுள்ள இந்த வகைக் கார்களுக்கு இது தாராளம். எடைக்குறியீடு கூடக்கூட நல்லது என்று எண்ணி வேன் டயருக்குப் போகிறவர்கள் உண்டு. அளவின் கடைசியில் ‘சி’ என்ற எழுத்து நின்றால் அது சரக்கு வேனுக்கானது. ஒரு டன் சரக்குக்காகக் கட்டிய பக்கச்சுவர் இலேசான காரின் கீழே வளையவே வளையாது. மழையில் வழுக்கும். அதைத் தொடாமல் விடுவதே மேல்.

பழைய வடிவத்திலேயே புதிதாகச் செய்யும் டயர்களும் உலகில் உண்டு. மிச்லின் எக்ஸ்ஏஎஸ், பிரெல்லி சிந்துராத்தோ, விரெடெஸ்டைன் ஸ்பிரிண்ட் கிளாசிக் ஆகியவை அந்த வகை. வண்டியின் காலத்துக்கே உரிய தோற்றமும் ஓட்டமும் இவற்றில் கிடைக்கும். கப்பல் கூலியும் சேர்ந்தால் விலை உள்ளூர் டயரைப் போலப் பல மடங்கு. காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்கு அது பொருந்தும். ஞாயிறு காலையில் ஈப்போவிலிருந்து கோப்பெங் வரை போய்த் தேநீர் குடித்துத் திரும்பும் வண்டிக்குத் தேவையில்லை.

நடுத்தர விலையில் கிடைக்கும் புதிய டயர்தான் பெரும்பாலோருக்கு உரிய விடை. இந்த மாநிலத்துக்கு டயர் அந்நியப் பொருளும் அல்ல. 1877 இல் வந்த ரப்பர் கன்றுகளின் வழியில் நிற்கும் ஒரு முதிய மரம் கோலகங்சாரில் இன்னும் இருக்கிறது. தைப்பிங்கை ஒட்டிய காமுண்டிங்கில் சில்வர்ஸ்டோன் ஆலை பல்லாண்டு டயர் செய்தது. டோயோ 2013 இல் அங்கேயே ஒரு பெரிய ஆலையைத் திறந்தது. (தோட்டத்துப் பால் ஸ்போர்ட்ஸ் காரின் டயரைவிட அதை முந்திப்போகும் லோரியின் டயரில்தான் அதிகம். கார் டயரின் மேற்பட்டையில் பெரும்பங்கு செயற்கை ரப்பர்.)

இவ்வளவு எளிய விடை இருக்கும்போது, தாத்தாவோ மாமாவோ விட்டுப்போன காரைத் தூசி தட்டி எடுக்கும் இளைஞர்கள் திரும்பத் திரும்பப் போய் விழும் இடம் ஜப்பான் செகண்ட் ஹேண்ட் டயர் குவியல். ஒரு பக்கம் நண்பர் கூட்டத்தின் நாகரிகம்: பக்கச்சுவரில் பெரிய எழுத்தில் ஜப்பான் பெயரும் பந்தயத் தோற்றமும் வேண்டும். மறுபக்கம் வீட்டுப் பெரியவர்களின் சிக்கனம்: வாரம் ஒருமுறை எடுக்கும் வண்டிக்குப் புது டயர் எதற்கு? இரண்டும் ஒரே குவியலின் முன்னால் வந்து கைகுலுக்குகின்றன. கடைக்காரர் ‘பூ எண்பது விழுக்காடு இருக்கு’ என்கிறார், பேரம் முடிந்துவிடுகிறது.

அந்த எண்பது எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். புதிய கார் டயரில் பூவின், அதாவது மேற்பட்டை வெட்டுகளின், பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர். மலேசியச் சட்டம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்கிறது. எண்பது விழுக்காடு என்றால் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பள்ளம் எஞ்சியிருக்கிறது என்பது மட்டுமே பொருள். ரப்பரின் வயதை அது சொல்வதில்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரே ஓடும் காரில் பூ தேய்ந்து டயர் சாவது அபூர்வம், முதுமையில்தான் சாகும். அதாவது, இந்த உரிமையாளருக்கு மிகக் குறைவாகத் தேவைப்படும் ஒன்றைக் காட்டித்தான் அவரிடம் விற்கிறார்கள்.

வயதைப் பக்கச்சுவரே சொல்லும். டாட் (DOT) எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2314 என்றால் 2014 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். மூன்று இலக்கமே இருந்தால் அந்த டயர் 2000க்கு முற்பட்டது. பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். காற்றிலுள்ள ஓசோனும் வெப்பமும் ரப்பரை இறுக வைத்து வெடிப்பு விடச் செய்கின்றன. அதைத் தடுக்கவென்று கலவையில் சேர்க்கும் மெழுகு, டயர் சுழன்று வளையும்போது இன்னும் நன்றாக மேலே வந்து படியும். ஆகவே கிடங்கில் கிடந்த டயர் ஓடிய டயரைவிட நன்றாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. டயருக்குப் பூசும் கறுப்பு மெருகு வெடிப்பை மறைக்கும். பள்ளத்தின் அடியை விரலால் விரித்துப் பார்த்தால் மறையாது.

குவியலில் இன்னும் சில குறைகள் மறைந்திருக்கும். காற்று இறங்கிய நிலையில் ஓடிய டயரின் உட்சுவர் அரைபட்டு ரப்பர் தூள் உதிர்ந்திருக்கும். ரிம்மில் மாட்டிய பிறகு அது தெரியாது. தோள்பட்டை அருகே ஒட்டுப் போட்டதும் அப்படியே. மொட்டை டயரில் சூடான கத்தியால் பூ வெட்டி விற்பது இன்னும் மோசம். லோரி டயரில் அப்படி வெட்டுவதற்கென்று அடியில் கூடுதல் ரப்பர் வைத்து, பக்கச்சுவரில் குறிப்பும் அச்சிட்டிருப்பார்கள். கார் டயரில் அது கிடையாது. கத்தி கம்பிப் பட்டை வரை போய்விடும்.

பந்தய வகை டயர் வேறு ரகம். செமி-ஸ்லிக் எனப்படும் அதில் பள்ளம் குறைவு, சூடேறினால்தான் பிடிக்கும். தொள்ளாயிரம் கிலோ எடையுள்ள பழைய கார் சாதாரணச் சாலையில் அதைச் சூடேற்றவே முடியாது. ஈப்போவின் பிற்பகல் மழையில் மெனோரா சுரங்கத்தை ஒட்டிய இறக்கத்தில் குளிர்ந்த செமி-ஸ்லிக் என்ன செய்யும் என்பதை விவரிக்க வேண்டாம். மழையே இல்லாவிட்டாலும் அதன் விறைத்த பக்கச்சுவர் அதிர்ச்சியை ஆரக்கம்பிக்கும் கிங்பின்னுக்கும் தள்ளிவிடுகிறது. அறுபது ஆண்டுக்கு முந்தைய சஸ்பென்ஷன் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒடுக்கமான சாதாரண டயர் பிடி தளரும் முன் முனகும், மெல்ல நழுவும், திருத்திக்கொள்ள நேரம் தரும். அந்த வண்டிகளின் சுவையே அதில்தான் இருக்கிறது.

பணக் கணக்கும் குவியலுக்கு எதிராகவே நிற்கிறது. பாதி விலைக்கு வாங்கிய பழைய டயரை இரண்டு ஆண்டில் கழிக்க வேண்டி வந்தால், முழு விலைக்கு வாங்கி ஆறு ஆண்டு ஓடிய டயரைவிட ஆண்டுச் செலவு ஒன்றரை மடங்கு. கழற்றி மாட்டும் கூலியும் பேலன்சிங் கூலியும் இதில் சேரவில்லை.

‘செலுப்’ எனப்படும் புதுப்பட்டை டயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிரிம் தர முத்திரையுள்ள ஆலையில் புதுப்பட்டை போட்ட டயர் லோரிக்கும் பஸ்ஸுக்கும் கௌரவமான தேர்வு. ஸ்போர்ட்ஸ் காருக்கு உரிய அளவில் நல்லது கிடைப்பது அரிது. பெரிய ஸ்போர்ட் ரிம் வாங்கித் தட்டையான டயர் போடுவதும் அவ்வளவுதான்: சிம்பாங் பூலாய் கல்லுடைப்பு லோரிகள் போகும் சாலையின் ஒரு குழி போதும், ரிம் வளைந்துவிடும். டயர் மட்கார்டுக்கு வெளியே நீண்டால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயும் விடாது.

ஆரக்கம்பி ரிம் உள்ள கார்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். கம்பிகள் துளைத்து வரும் ரிம் காற்றைப் பிடித்துவைக்காது என்பதால் ரேடியலுக்கு ஏற்ற டியூப் கட்டாயம். கம்பி முனைகளின் மேல் ரிம் பட்டை புதிதாக இருக்க வேண்டும். இப்போதைய டயர்கள் பலவற்றின் உட்புறம் வரிவரியாக இருக்கும், தாள் வில்லையும் ஒட்டியிருக்கும். வில்லையை உரித்து, டால்க் பொடி தூவி மாட்டாவிட்டால் அவை டியூபைத் தேய்த்துத் துளைக்கும். ஒரே அச்சில் இரண்டு டயரும் ஒரே வகை, ஒரே வயது இருக்க வேண்டும். இரண்டு மட்டும் புதிதாக வாங்கினால் அவை பின்னால். முன்னால் ரேடியலும் பின்னால் பழைய குறுக்கிழை டயரும் ஒருபோதும் கூடாது. வளைவில் பின்பகுதி சுழன்றுவிடும்.

டயர் ஓட்டுபவரின் கைக்கும் பொருந்த வேண்டும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில் ஒருவர் தன் வேகத்தைச் சாதாரண டயரில் அறிந்துகொள்வதே முறை. பிடி மிகுந்த டயர் கற்றுக்குட்டியின் பிழைகளை மறைத்து வைத்து ஒருநாள் மொத்தமாக வெளியே விடும். பக்குவம் வரும்வரை காத்திருப்பதில் குறைவொன்றும் இல்லை. காத்திருப்பது வாங்கும்போதும் வேண்டும். 185/70ஆர்14 கடையில் இல்லை என்றால் ‘இருக்கிறதைப் போடலாம்’ என்ற போர்மனின் சமாதானத்துக்கு இணங்காமல், முன்பணம் கட்டி வரவழைக்கலாம். வந்ததும் நான்கிலும் தேதி எண்ணைப் பார்த்த பிறகே மாட்டச் சொல்ல வேண்டும். புது டயர் என்ற பெயரில் நாலு ஆண்டு கிடந்த சரக்கும் வருவதுண்டு.

மாட்டிய பிறகு முதல் இருநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் வார்ப்பின் வழவழப்பு தேய்ந்து பிடி வரும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மீண்டும் முடுக்கிப் பார்க்க வேண்டும். காற்றழுத்தம் டயர் குளிர்ந்திருக்கும்போது மாதம் ஒருமுறை. நீண்ட நாள் நிறுத்தும் வண்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது நகர்த்தி நிறுத்தினால் டயர் ஒரே இடத்தில் தட்டையாகாது. பின்பெட்டியிலுள்ள மாற்றுச் சக்கரத்தின் தேதியையும் அன்றே பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் வண்டியிலேயே மிகப் பழைய டயர் அதுதான்.