எரிபொருளின் வரவு செலவு

நுழையும்முன்

எரிந்த பொருள் அழிந்துபோயிற்று என்பது உலக வழக்கு. அது அழியவில்லை, உருமாறியது என்பது வேதியியல் காட்டும் உண்மை. அந்த மாற்றத்தின் கணக்கை அறிந்தவரை எளிதில் ஏமாற்ற இயலாது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சமையலறையில் ஒரு சோதனை

குற்றாலச் சாரல் செங்கோட்டைத் தெருக்களை நனைக்கும் ஆனி, ஆடி மாதங்களில், குளிர்ந்த நீர் நிறைந்த பாத்திரத்தை எரிவாயு அடுப்பில் ஏற்றிப் பாருங்கள். சிறிது நேரத்தில் பாத்திரத்தின் வெளிப்புறம் வியர்க்கும். அது பாத்திரத்தில் ஊற்றிய நீரன்று. பெரும்பகுதி சுடரிலேயே பிறந்த நீர். நெருப்பு நீரைப் பெற்றெடுக்குமா? விடை, எரிவாயுவின் அமைப்பில் இருக்கிறது.

ஆல்கேன் குடும்பம்

கார்பன், ஹைட்ரஜன் என்னும் இரு தனிமங்களால் மட்டுமே ஆன சேர்மங்கள் ஹைட்ரோகார்பன்கள். அவற்றுள் கார்பன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்புகளால் மட்டுமே இணைந்து, வளையமாகாமல் தொடராக நிற்பவை ஆல்கேன்கள். கார்பன் அணுக்களின் எண்ணிக்கையை இரட்டித்து, இரண்டைக் கூட்டினால் ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை கிடைக்கும். ஒரு கார்பன் கொண்ட மீத்தேனில் நான்கு ஹைட்ரஜன். மூன்று கார்பன் கொண்ட புரொப்பேனில் எட்டு. நான்கு கார்பன் கொண்ட பியூட்டேனில் பத்து.

சங்கிலி நீள நீள, மூலக்கூறுகளுக்கு இடையேயான ஈர்ப்பு மிகுகிறது, கொதிநிலையும் உயர்கிறது. மீத்தேன் சுழிக்குக் கீழே 162 பாகை செல்சியசில் கொதிக்கிறது. ஆறு கார்பன் கொண்ட ஹெக்சேனோ 69 பாகையில் கொதிக்கிறது. ஆகவேதான் சிறிய ஆல்கேன்கள் வாயுக்களாகவும், பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றில் உள்ளவை நீர்மங்களாகவும், மெழுகில் உள்ளவை திண்மங்களாகவும் இருக்கின்றன. கச்சா எண்ணெயைப் பின்னக் காய்ச்சி வடித்தல் முறையில் பிரிப்பதற்கு இவ்வேறுபாடே துணைபுரிகிறது.

1904 முதல் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மலையேறிய தொடர்வண்டி முதலில் நிலக்கரியையும் பின்னர் டீசலையும் எரித்தது. நிலக்கரியின் பெரும்பகுதி கார்பன். டீசலிலோ ஹைட்ரஜனும் கணிசமாக உண்டு. எரியும்போது கார்பன் ஆக்சிஜனுடன் கூடிக் கார்பன் டைஆக்சைடாகிறது, ஹைட்ரஜன் நீராகிறது.

நிறையின் கணக்கு

16 கிராம் மீத்தேன் முழுமையாக எரிய 64 கிராம் ஆக்சிஜன் வேண்டும். கிடைப்பவை 44 கிராம் கார்பன் டைஆக்சைடும் 36 கிராம் நீரும். வரவு 80, செலவும் 80. வீட்டு எரிவாயு உருளையில் உள்ளது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் கலவை. அதன் 14.2 கிலோகிராமும் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 22 கிலோகிராம் நீர் உண்டாகும். உருளையில் இருந்ததைவிட நீரின் நிறை மிகுதியாக இருப்பதேன்? காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனும் அதில் சேர்ந்திருப்பதே காரணம்.

மூலிகை பெட்ரோல்

1996ஆம் ஆண்டு, செங்கோட்டைக்கு வடக்கே அதே மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள இராசபாளையம் வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவர், நீருடன் மூலிகையைச் சேர்த்துக் காய்ச்சிப் பெட்ரோல் எடுப்பதாக அறிவித்தார். நாடே வியந்தது, படித்தவர்களும் நம்பினர். அதே ஆண்டு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கடும் கண்காணிப்பில் நடந்த சோதனையில் அவரால் அதனை மெய்ப்பிக்க இயலவில்லை. பின்னர் அந்த எரிபொருள் விற்பனைக்கும் வந்தது. 2016இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் மோசடிக்காக அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

இச்செய்தியைக் கேட்ட அன்றே நாம் இரண்டு வினாக்களை எழுப்பியிருக்கலாம். முதல் வினா: கார்பன் எங்கிருந்து வந்தது? நீரில் கார்பன் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலிலோ 600 கிராமுக்கு மேல் கார்பன் உண்டு. ஒரு கைப்பிடி இலை முழுவதும் கார்பனாகவே இருந்தாலும் அந்த அளவு தேறாது. இரண்டாம் வினா: ஆற்றல் எங்கிருந்து வந்தது? நீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதனை மீண்டும் எரிபொருளாக்க, எரிந்தபோது வெளிப்பட்ட ஆற்றலையாவது திருப்பிச் செலுத்தியாக வேண்டும். நீரையும் கார்பன் டைஆக்சைடையும் கொண்டு உணவு ஆக்கும் பசுமையான இலைகூட, அதற்குரிய விலையைச் சூரிய ஒளியாகச் செலுத்துகிறது.

மூலிகைகளின் மருத்துவப் பயனை இக்கணக்கு மறுக்கவில்லை. எளிய மனிதர் ஒருவர் புதியது காண இயலாது என்றும் கூறவில்லை. யார் கூறினும் கணக்கு நேராக வேண்டும் என்பதே அறிவியலின் நடுவுநிலைமை. வியப்பூட்டும் செய்தி ஒன்று நாளை நம்மை வந்தடையும்போது, நம்புவதற்கும் நகைப்பதற்கும் முன்னர், வரவையும் செலவையும் ஒருமுறை எழுதிப் பார்ப்போம்.

கற்பவை கற்றபின்

1. எட்டுக் கார்பன் அணுக்கள் கொண்ட ஆல்கேனில் எத்தனை ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கும்?

2. 44 கிராம் புரொப்பேன் முழுமையாக எரிந்து 132 கிராம் கார்பன் டைஆக்சைடும் 72 கிராம் நீரும் தந்தன. செலவான ஆக்சிஜனின் நிறையைக் காண்க.

3. ‘நீரில் ஓடும் வண்டி’ என்னும் விளம்பரத்தைக் கண்டால் நீங்கள் எழுப்பும் வினாக்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.