வியாழனின் மேகப் பட்டைகளும் ஒரு மாணவியின் கேள்வியும்

ஒன்பதாம் வகுப்பில் கோள் காற்றுகள் பாடத்தை முடித்ததும் வியாழன் கோளின் படத்தைத் திரையில் காட்டுவது என் வழக்கம். வெளிர் பட்டை, பழுப்புப் பட்டை என மாறி மாறி, நிலநடுக்கோட்டுக்கு இணையாக ஓடும் மேகங்களைப் பார்த்ததும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். தெற்கே தெரியும் பெருஞ்சிவப்புப் புள்ளியைக் காட்டி, "இது பூமியை விடப் பெரிய புயல், நம்மூர்ப் புயல் போலவே நடுவில் தாழ்வழுத்தம்" என்று சொல்லி வந்தேன்.

சென்ற ஆண்டு, 1979இல் வாயேஜர் விண்கலம் எடுத்த படங்களைக் கோத்த அசைவுப்படத்தைப் போட்டேன். ஒரு மாணவி எழுந்தாள். "சார், தென் அரைக்கோளத்துல சூறாவளி கடிகார முள் திசையில சுத்தும்னு நேத்துதானே சொன்னீங்க? இது எதிர்த் திசையில சுத்துதே?"

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. "நாளைக்குச் சொல்றேன்மா" என்று சமாளித்து விட்டு, அன்றிரவு உட்கார்ந்து படித்தேன்.

சிவப்புப் புள்ளி தாழ்வழுத்த மையமே அல்ல. உயர் அழுத்த மையம். நம் பாடநூல் சொல்லும் எதிர் சூறாவளி. வியாழனும் பூமியைப் போல மேற்கிலிருந்து கிழக்காகவே சுழல்கிறது. ஆகவே கொரியாலிஸ் விதி அங்கும் மாறவில்லை. நான்தான் அழுத்தத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

பட்டைகளுக்கும் இந்தச் சுழற்சிதான் அடிப்படை. பூமியைப் போல 11 மடங்கு விட்டமுள்ள வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. சூரிய வெப்பத்தோடு, உள்ளிருந்து கிளம்பும் சொந்த வெப்பமும் அதன் காற்றைக் கிளறுகிறது. சூரியனிடம் பெறுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றலை அது வெளியிடுகிறது. வெளிர் பட்டைகளில் அம்மோனியாப் பனி மேகங்கள் உயரத்தில் அடர்ந்திருக்கும். பழுப்புப் பட்டைகளில் அவை மெலிந்து கீழடுக்கு தெரியும். பட்டைகளின் எல்லைகளில் காற்று கிழக்கும் மேற்குமாக மாறி மாறி ஓடுகிறது. சில இடங்களில் மணிக்கு 500 கி.மீ.க்கும் மேல். இந்த ஓட்டங்கள் சுமார் 3,000 கி.மீ. ஆழம் வரை செல்வதை ஜூனோ விண்கலத்தின் ஈர்ப்பு அளவீடுகள் காட்டின.

இதற்குச் செலவில்லாத செயல்பாடு ஒன்று. பழைய உலக உருண்டையில் கரும்பலகை வண்ணம் பூசிக்கொள்ளுங்கள். ஒருவர் அதை மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்ற, இன்னொருவர் வட துருவத்திலிருந்து நேர் கீழாகச் சுண்ணக்கட்டியை இழுக்கட்டும். மெதுவாகச் சுற்றினால் கோடு சற்றே மேற்கே வளையும். வேகமாகச் சுற்றினால் அட்சக்கோட்டோடு படுத்துவிடும். பட்டைகள் உண்டாகும் முழு வழியும் இதுவல்ல. வேகச் சுழற்சியில் வடக்கு தெற்கு நகர்வு கிழக்கு மேற்காகத் திரும்பிவிடுவதை மட்டும் இது காட்டுகிறது. அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது.

மறுநாள் என் தவற்றை வகுப்பில் சொன்னேன். உடனே ஒரு மாணவன், "கரையைக் கடந்தாத்தானே சார் புயல் அடங்கும்? அங்க கரையே இல்லையே?" என்றான். நல்ல கேள்வி. நம் புயலுக்கு உணவு வெதுவெதுப்பான கடலின் ஈரம். நிலத்தில் அது கிடைக்காது, உராய்வும் சேரும். வியாழனில் நிலமே இல்லை. புள்ளியின் வடக்கு ஓரத்தில் காற்று மேற்கே ஓடுகிறது, தெற்கு ஓரத்தில் கிழக்கே. இரு உள்ளங்கைகளுக்கு நடுவே பென்சிலை உருட்டிக் காட்டினேன், பிடித்துக்கொண்டார்கள். சிறு சுழல்களையும் அது விழுங்கிக்கொள்கிறது. ஆனாலும் சுருங்குகிறது: வாயேஜர் பார்த்தபோது சுமார் 23,000 கி.மீ. அகலம், 2017இல் சுமார் 16,000.

இப்போதெல்லாம் அசைவுப்படத்தை முதலில் போட்டுவிடுகிறேன். எந்தப் பக்கம் சுற்றுகிறது, அப்படியானால் நடுவில் என்ன அழுத்தம் என்று அவர்களே சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தவர்களை மதிய இடைவேளையில் தேடிப் போய்த் திருத்திச் சொன்னேன். அதற்கு முன் படித்தவர்கள் பள்ளியை விட்டே போய்விட்டார்கள்.