ஓநாய்க்கு இனிய குரல்

அன்புக் கண்ணு,

நீ அனுப்பிய நாடகத்தை ராத்திரியே படித்துவிட்டேன். கையெழுத்து மட்டும் இன்னும் கோழி கிளறின மாதிரியே இருக்கிறது. பிள்ளைகள் நோட்டைத் திருத்துகிற டீச்சருக்கு இது அழகா? சளி விட்டதா? மூடுபனியில் தலைக்கு ஒன்றும் கட்டாமல் நிற்காதே.

சிவப்புத் தொப்பிக்காரியை ஏற்காட்டுப் பெண்ணாக்கி, காப்பித் தோட்டம் வழியாகப் பாட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாய். கூடையில் சாமைச் சோறும் தேனும். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களாகப் பிள்ளைகளை நிறுத்தியது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ஓநாயைக் கரடியாக்கிவிட்டாயே, அதில்தான் எனக்குச் சம்மதமில்லை. கரடியூர் என்று ஓர் ஊருக்கே பேர் இருக்கிற மலை அது. உன் பிள்ளைகளில் பலர் காட்டுவழி நடந்துதான் பள்ளிக்கூடம் வருகிறார்கள் என்று நீயே எழுதியிருந்தாய். காட்டெருமை எதிரே வந்தால் ஓடாமல் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அவர்கள்தானே உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்! அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்டிப் பயமுறுத்த வேண்டுமா?

பிரான்சில் ஷார்ல் பெரோ 1697-இல் இந்தக் கதையை அச்சில் போட்டபோது, ஓநாய் பெண்ணைத் தின்றுவிடும். கதையும் அதோடு சரி. வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து மீட்பதெல்லாம் 1812-இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட ஜெர்மன் கதையில்தான். பெரோ கடைசியில் ஒரு நீதியும் சேர்த்திருந்தார்: தேனொழுகப் பேசிக்கொண்டு பின்னாலேயே வருகிற ஓநாய்தான் ரொம்பப் பொல்லாதது என்ற கருத்தில். அவர் சொன்னது மிருகத்தை இல்லை கண்ணு, மனுஷனை. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முகம் தெரியாத எத்தனையோ பேர் வந்துபோகிற ஊரில், நம் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டியது அந்தக் குரலைத்தான். அதனால் ஓநாய் ஓநாயாகவே இருக்கட்டும். நன்றாக உறுமுகிறவனைத் தேடாதே. வகுப்பிலேயே இனிமையான குரல் எதுவோ, அந்தப் பிள்ளைக்குக் கொடு.

முகமூடி வேண்டவே வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே நாடகத்தைப் போட்டேன். அட்டையும் மைதா பசையும் வைத்து மூன்று நாள் உட்கார்ந்து ஓநாய் முகம் செய்தேன். அதற்குள்ளிருந்து அந்தப் பையன் பேசியது இரண்டாவது வரிசையைக்கூட எட்டவில்லை. அழுதுகொண்டே இறங்கிப் போனான். நெற்றியில் கட்டுகிற இரண்டு காது போதும். முகம் தெரிய வேண்டும்.

நம் சேலம் பக்கத்துத் தெருக்கூத்தை நினைத்துப் பார். வேஷக்காரன் சட்டென்று வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் நின்று பாடுவான். யார் நீ, எங்கிருந்து வருகிறாய் என்று கட்டியங்காரன் கேட்பான். உன் பாட்டி வீட்டுக் காட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு பிள்ளைகள் ஒரு வேட்டியைப் பிடிக்கட்டும். காது ஏன் பெரிசு என்று அவள் கேட்கும்போது காது தெரிகிற அளவுக்குத் திரை இறங்கட்டும். கண்ணைக் கேட்டால் கண். கடைசியில் வாய். கீழே உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகள் அதற்குள் “போகாதே, போகாதே” என்று கத்திவிடுவார்கள். கத்தட்டும், நீ அடக்காதே. நாடகம் அவர்கள் கைக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

வசனத்தையும் கொஞ்சம் தளர்த்து. “செல்கிறேன் தாயே” என்று எந்த வீட்டுப் பிள்ளை அம்மாவிடம் பேசுகிறது? கதையை மட்டும் சொல்லிவிட்டு, அவரவர் வீட்டுப் பேச்சில் பேசவிடு. அப்புறம் நீ எழுதிக்கொள். மனப்பாடம் செய்தது மேடையில் மறந்துபோகும். தானே பேசியது மறக்காது. வேட்டைக்காரனும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. மரமாக நிற்கும் பிள்ளைகளே கூடி வந்து அவளைச் சுற்றி நிற்கட்டுமே. வாயே திறக்காமல் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கும் அப்போது ஒரு வேலை கிடைக்கும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. காப்பிப் பழம் எடுக்கிற காலம், பெற்றவர்கள் வீடு திரும்ப நேரமாகும். பனியும் சீக்கிரம் இறங்கிவிடும். எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் ஒத்திகையை நாலு மணிக்கு நிறுத்திவிடு. யார் யாரோடு நடந்து போகிறார்கள் என்று பேர் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்பு. தனியாக ஒரு பிள்ளையும் போகக் கூடாது.

உன் அத்தை