வாய் வைக்காமல் நீர் மாற்றுவோம்

நீர்த்தடை நாள்களில் தண்ணீர் லோரியிலிருந்து கலன்களில் நீர் பிடித்து வந்து வீட்டுத் தொட்டியை நிரப்புகிறோம். 20 லிட்டர் நீரின் எடை 20 கிலோகிராம் ஆகும். அதனைத் தூக்கிக் கவிழ்த்தால் முதுகு நோகும், நீரும் சிந்தும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு.

பெரியவர் இருவர் சேர்ந்து கலனைத் தொட்டியைவிட உயரமான மேசைமீது வைத்தல் வேண்டும். சுத்தமான ரப்பர் குழாயில் காற்று சிறிதுமின்றி நீர் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் அடைத்துக்கொள்வோம். ஒரு முனையைக் கலனின் நீருக்குள் ஆழ்த்தி, மறுமுனையைத் தொட்டிக்குள் தாழ்த்தி விரல்களை எடுத்தால், நீர் தானே ஓடும். நீண்டு தொங்கும் பக்கத்து நீர் தன் எடையால் இறங்க, கலனிலுள்ள நீரைக் காற்றின் அழுத்தம் குழாய்க்குள் தள்ளுகிறது. இம்முறையைச் சைபன் என்பர்.

சிலர் குழாயை வாயால் உறிஞ்சுகின்றனர். ‘நீர்தானே’ என்று எண்ணலாகாது. இன்று நீரில் பழகிய வாய், நாளை பெட்ரோலையும் களைமருந்தையும் உறிஞ்சத் துணியும். அவை உடலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. களைமருந்து இருந்த கலன் எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு ஆகாது.

மாணவர்களே! இம்முறையை இன்றே பெற்றோருக்குச் செய்து காட்டுங்கள்.