கந்தக பூமியில் கல்வி

நுழையும்முன்

வானம் பார்த்த கரிசல் நிலம். மழை பொய்த்தால் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலுமே பிழைப்பு. இத்தகைய நிலப்பகுதியில் மக்கள் பள்ளிகளை எவ்வாறு எழுப்பினர்? அவற்றுக்குள் வர இயலாமற்போன குழந்தைகளை அழைத்துவர எத்தகைய முயற்சிகள் நடந்தன? அரசுப் பள்ளிகளை உயர்த்த முனையும் இன்றைய திட்டங்கள் எந்தக் கேள்விகளை எதிர்கொள்கின்றன? விருதுநகர், சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து இப்பாடம் இவற்றை ஆராய்கிறது.

பிடியரிசி

விருதுபட்டி என்று முன்பு வழங்கிய விருதுநகரில் 1889ஆம் ஆண்டு சத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. கோவில் நுழைவு முதலிய உரிமைகள் நாடார் சமூகத்தினருக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. அவ்வூர் உறவின்முறையினர் தமக்கெனப் பள்ளி ஒன்றை நிறுவ முற்பட்டபோது அவர்களிடம் அரசின் கருவூலம் இல்லை. செல்வர் ஒருவரின் பெருங்கொடையும் இல்லை. வணிகர்கள் தம் வரவில் ஒரு சிறு பங்கை ‘மகமை’ என ஒதுக்கினர். வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு கலயத்தில் இட்டுவைத்தனர். வீடுதோறும் சேர்ந்த அந்தப் பிடியரிசி திரட்டப்பட்டுப் பள்ளியின் செலவுக்கு உதவியது.

நன்கொடை என்பது மிஞ்சியதைக் கொடுப்பது. பிடியரிசியோ சமைக்கவிருந்ததிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு பள்ளியின் செலவில் ஊரின் ஒவ்வோர் அடுப்புக்கும் பங்கு இருந்ததால், அப்பள்ளி எவ்வாறு நடக்கிறது என்று கேட்கும் உரிமையும் ஒவ்வொரு வீட்டுக்கும் இருந்தது. பிற்காலத்து அரசுத் திட்டங்கள் பலவற்றுக்கு இவ்வுரிமை எளிதில் வாய்க்கவில்லை.

1903 ஜூலை 15ஆம் நாள் விருதுபட்டியில் பிறந்த காமராசர் இப்பள்ளியில் பயின்றவர். இளமையிலேயே தந்தையை இழந்த அவரால் படிப்பைத் தொடர முடியவில்லை. 1954இல் முதலமைச்சரானபின் அவர் எடுத்த நடவடிக்கைகளுள் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் பெரிதும் பேசப்படுகிறது. பிடியரிசியின் நினைவு அத்திட்டத்தில் இருந்தது எனக் கருதுவது மிகையாகாது. அதே காலத்தில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊர் மக்கள் தம் ஊர்ப் பள்ளிக்கு வேண்டிய கட்டடம், இருக்கை, நிலப்படம், குடிநீர்ப் பானை ஆகியவற்றைத் தாமே அளித்தனர். மதிய உணவு அளவுக்கு இம்மாநாடுகள் நினைவுகூரப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

வைகறைப் பேருந்து

1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தா சென்றனர். அவர்கள் திரும்பியபின் தொடங்கிய தொழில் அவ்வட்டாரத்தின் முகத்தையே மாற்றியது. பட்டாசு, அச்சு ஆகியன பின்னர் அதனோடு சேர்ந்தன. மழையற்ற ஊருக்கு ஆண்டு முழுவதும் கூலி கிடைத்தது. அக்கூலியின் விலையை நெடுங்காலம் குழந்தைகள் செலுத்தினர்.

தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் போன்ற பணிகளுக்குச் சிறு விரல்களே ஏற்றவை என்ற எண்ணம் பரவியிருந்தது. பெற்றோர் முன்பணம் பெற்றனர். விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்து கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றது. அவர்களுள் பெரும்பாலோர் சிறுமியர். கிராமத்தில் பள்ளி இருந்தது, ஆசிரியரும் இருந்தார். ஆனால், பள்ளிமணி ஒலிப்பதற்குப் பல மணி நேரத்துக்கு முன்பே பேருந்து வந்துவிட்டது. பள்ளியைக் கட்டுவதும் குழந்தையைப் பள்ளிக்குள் கொண்டுவருவதும் வெவ்வேறு பணிகள் என்பதை இவ்வட்டாரம் கற்பித்த அளவுக்கு வேறெதுவும் கற்பித்திருக்க இயலாது. சலம் பென்னூர்கர் இயக்கிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படமும், எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படமும் இந்நிலையைப் பதிவுசெய்துள்ளன.

சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் நிலைகுறித்து வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1986இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 10ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பு, இடர்மிக்க தொழிலில் குழந்தையை அமர்த்தியவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அக்குழந்தைக்கு மாற்றாகக் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை தரவேண்டும். இயலாதபோது அரசு 5,000 ரூபாய் அளிக்க வேண்டும். இத்தொகையின் வட்டி, குழந்தை பள்ளிக்குச் செல்லும்வரையே குடும்பத்துக்குக் கிடைக்கும். குழந்தையின் கூலி நின்றால் குடும்பம் எதை உண்ணும் என்ற வினாவைச் சட்டம் நேர்நின்று எதிர்கொண்டது இங்கேதான்.

தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும் இவ்வட்டாரத்தில் இயங்கின. வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகள் அங்குச் சிலகாலம் பயின்று, வயதுக்கேற்ற வகுப்பில் முறையான பள்ளிகளில் சேர்ந்தனர். பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வது இன்று பெரிதும் குறைந்துள்ளது. சட்டம், நீதிமன்றம், ஊடகம், தொண்டு நிறுவனங்கள், ஆசிரியர்கள், மதிய உணவு என அதற்குக் காரணங்கள் பல. ஒன்றுக்கு மட்டும் புகழை அளிப்பது பொருந்தாது.

தெரிந்து தெளிவோம்

2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி 14 வயதுக்கு உட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துதல் கூடாது; குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப்பின் உதவுதல் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வயதுவரை உள்ளோரை இடர்மிக்க தொழில்களில் அமர்த்துதல் குற்றமாகும். எனவே, மேல்நிலை வகுப்பில் பயிலும் 16 வயது மாணவர் ஒருவர் விடுமுறையிலும் பட்டாசு ஆலையில் பணிபுரிதல் சட்டத்துக்குப் புறம்பானது.

முதலிடமும் அதன் நிழலும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டில் விருதுநகர் மாவட்டம் பல்லாண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றுள்ளது. 2018இல் 97.05 விழுக்காட்டுடன் முதலிடம், 2023இல் 97.85 விழுக்காட்டுடன் மீண்டும் முதலிடம். அதே 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் நடுவண் அரசு, வளர்ச்சியில் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலை வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டே; ஒன்று இராமநாதபுரம், மற்றொன்று விருதுநகர்.

இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பது எவ்வாறு? தேர்ச்சி விழுக்காடு தேர்வு எழுதியவர்களை மட்டுமே கணக்கிடுகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவரும் பத்தாம் வகுப்புக்குப்பின் வேலைக்குச் சென்றவரும் அக்கணக்கில் இல்லை. தேர்ச்சியை மட்டுமே இலக்காகக் கொண்டால் கற்பித்தலும் திரிந்துவிடும். பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை விடுத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே ஈராண்டுகளும் நடத்தின. 2017–18ஆம் கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும், விருதுநகரின் முதலிடத்தை வெறும் மனப்பாடத்தின் வெற்றி என ஒதுக்குவதும் முறையன்று. மகமையும் பிடியரிசியும் வளர்த்த பள்ளிகளின் ஒழுங்கும், மாலைநேர வகுப்புகளில் உழைத்த ஆசிரியர்களின் பங்கும் அதில் உள்ளன.

காந்தப் பள்ளிகள்

அமெரிக்க நகரங்களில் கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் தனித்தனிப் பள்ளிகளில் பயின்ற நிலையை மாற்ற 1960களின் இறுதியில் ஒரு முறை தோன்றியது. அறிவியல், இசை, நாடகம் என ஏதேனும் ஒன்றில் சிறந்த பாடத்திட்டத்தை ஒரு பள்ளிக்கு அளித்தால், நகரின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் பெற்றோர் தாமே விரும்பிப் பிள்ளைகளை அங்குச் சேர்ப்பர் என்பது அதன் அடிப்படை. ஈர்க்கும் தன்மையால் அவை ‘காந்தப் பள்ளிகள்’ எனப்பட்டன. அவற்றின் முதல் நோக்கம் திறனாளரைப் பிரித்தெடுப்பதன்று. பிரிந்திருந்தோரை ஒரே இருக்கையில் அமர்த்துவது. இதனால்தான் அவற்றுள் பல, குலுக்கல் முறையில் மாணவர்களைச் சேர்த்தன.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் 26 தகைசால் பள்ளிகளும் 15 மாதிரிப் பள்ளிகளும் தொடங்கிவைக்கப்பட்டன. மாதிரிப் பள்ளிகள் பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் விரிவுபெற்றன. தகைசால் பள்ளி என்பது ஏற்கெனவே இயங்கும் அரசுப் பள்ளியின் வகுப்பறை, ஆய்வகம், கலை, விளையாட்டு ஆகியவற்றை உயர்த்துவது. மாதிரிப் பள்ளியோ, மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களை ஓரிடத்தில் தங்கவைத்து, நாட்டின் முதன்மையான உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஆயத்தப்படுத்துவது.

பட்டாசுத் தொழிலாளியின் மகள் ஒருத்தி மாதிரிப் பள்ளியில் தங்கிப் படிக்கும்போது அவளுக்குக் கிடைப்பவை நல்லாசிரியர் மட்டுமல்ல; தடையற்ற விளக்கு, அமைதியான மாலைப்பொழுது, வீட்டுவேலையிலிருந்து விடுதலை. இதனைச் சிறிதெனக் கருத முடியாது. எனினும், காந்தம் ஈர்த்தபின் எஞ்சுவது எது என்ற வினாவும் எழுகிறது. ஒரு கிராமத்துப் பள்ளியில் நன்கு படிக்கும் நான்கு பேர் வெளியேறினால், அவ்வகுப்பில் கேள்வி கேட்பவரும் உடன்பயில்வோர்க்கு விளக்கிச் சொல்பவரும் குறைகின்றனர். இருந்த இடத்திலேயே பள்ளியை உயர்த்தும் தகைசால் முறைக்குச் செலவும் காலமும் மிகுதி. பயன் விரைவில் செய்தித்தாளில் வாராது. ஆயினும், பெரும்பாலான குழந்தைகள் பயில்வது இருந்த இடத்துப் பள்ளிகளில்தான்.

அடுப்பும் கூட்டமும்

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளில் செயல்பட்டது. மறு ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. தாயும் தந்தையும் காலையிலேயே ஆலைக்குப் புறப்படும் வீடுகளுக்கு இது வெறும் சலுகையன்று. ஆலை விபத்து ஒரு குடும்பத்தின் படிப்பையே நிறுத்திவிடக் கூடும் என்பதும் இங்குள்ள நடப்பு. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் 35க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவுக்கென 2024 நவம்பரில் முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் நிதியை மாநில அரசு அறிவித்தது.

பள்ளியின் நிருவாகத்தில் ஊருக்குள்ள பங்கையும் சட்டம் மீட்டுத் தந்துள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதியளவினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கட்டடப் பழுது, கழிப்பறைத் தூய்மை, இடைநின்ற மாணவர் விவரம் ஆகியவற்றைப் பேச வேண்டிய இடம் அதுவே. ஆனால், பட்டாசு ஆலைகளில் கூலி பெரும்பாலும் முடித்த வேலையின் அளவைப் பொறுத்தது. வேலைநாளின் பிற்பகலில் கூட்டம் நடந்தால், வரும் தாய்க்கு அரைநாள் கூலி இழப்பு. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அவ்விழப்பு இன்னும் மிகுதி. அக்கூட்டத்தை ஆலைப் பேருந்து ஊர் திரும்பியபின் மாலையில் வைப்பதற்குத் தனி நிதி எதுவும் வேண்டியதில்லை. தலைமையாசிரியரும் குழுவினரும் நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும்.