கடைசி அரைச் சுற்று: கண்ட்ரோல் லைன் ஸ்கேல் விமானம் ஓட்டுவோருக்குச் சில குறிப்புகள்

உண்மையான ஓர் ஆகாய விமானத்தை அளவு குறைத்து, அதன் ஆணித்தலையும் வர்ணமும் பிசகாதபடி மாதிரி செய்து, மெல்லிய எஃகுக் கம்பிகளின் முனையில் பூட்டி, வட்டத்தின் நடுவே நின்று கைப்பிடியால் ஓட்டுகின்ற கண்ட்ரோல் லைன் ஸ்கேல் போட்டிக்கு, எஃப்.ஏ.ஐ. என்னும் சர்வதேசச் சம்மேளனத்தின் விதிப்புத்தகத்தில் எஃப்-4-பி என்று பெயர். நடுவர்கள் முதலில் விமானத்தைத் தரையில் நிறுத்தி, மூலத்தின் வரைபடங்களோடும் புகைப்படங்களோடும் ஒப்பிட்டு மதிப்பெண் இடுகிறார்கள்; பிறகு, பறக்கும்போதும் அது மூலத்தைப் போலவே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மாதக்கணக்கில் உழைத்து முதற்பகுதியில் முன்னணியில் நின்றவர்கள், இரண்டாம் பகுதியின் கடைசி அரைச் சுற்றில், சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னர், அத்தனையையும் இழந்து நிற்பதைப் பலமுறை கண்டு மனம் வருந்தியதன் விளைவே இக்கட்டுரை. பால்சா மரத்தை அறுக்கவும் ஒட்டவும் அறிந்தவர்கள், சாதாரணப் பயிற்சி விமானத்தைத் தலைசுற்றாமல் ஓட்டப் பழகியவர்கள் ஆகியோருக்கே இது எழுதப்படுகிறது.

விமானத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே ஒரு விதி சொல்வேன்: அழகைப் பார்ப்பதற்கு முன் சக்கரங்களைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் வடிவத்தில் மயங்காதவர் இல்லை. ஆனால் அதன் சக்கரங்கள் வெளிப்புறமாக மடிவன ஆதலால், இறக்கி வைத்த நிலையில் அவற்றுக்கு இடையேயுள்ள அகலம் மிகக் குறைவு. சிறிதளவு பக்கவாட்டில் தள்ளுண்டாலும் இறக்கையின் நுனி தரையில் தட்டிவிடும். ஹாக்கர் ஹரிகேனின் சக்கரங்களோ உட்புறமாக மடிவன. கால்களை அகல ஊன்றி நிற்பது அது. முதல் ஸ்கேல் விமானமாக ஹரிகேனையே கட்டுங்கள். பழைய சென்னை ராஜதானியின் பெயரைத் தாங்கி, 'மெட்ராஸ் பிரசிடென்ஸி' என்று வழங்கப்பெற்ற பிரிட்டிஷ் விமானப் படையின் 79ஆம் ஸ்குவாட்ரன் 1940இல் செலுத்தியதும் இந்த ஹரிகேனைத்தான் என்பது நம்மவருக்கு ஓர் உபரியான திருப்தி. மூலத்தின் இறக்கை அகலம் 12.2 மீட்டர், எட்டில் ஒரு பங்காகச் செய்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் வரும். எடை 3 கிலோவுக்குள் நிற்கட்டும்.

இனி, கம்பியின் இழுவிசை. விமானம் வட்டமாகச் சுற்றுவதால் உண்டாகும் விசையே கம்பியை விறைப்பாக வைத்திருக்கிறது. கம்பி விறைப்பாக இருக்கும் வரையில்தான் கைப்பிடியின் அசைவு பெல்கிராங்க் வழியாக எலிவேட்டரைப் போய்ச் சேரும். 20 மீட்டர்க் கம்பியில் 3 கிலோ விமானம் விநாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் சென்றால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 7 விநாடி ஆகும். கையில் சுமார் 5 கிலோ இழுப்புத் தெரியும். அதே விமானம் இறங்குவதற்காக 12 மீட்டர் வேகத்துக்குத் தணிந்தால் இழுப்பு இரண்டேகால் கிலோவுக்குக் குறைந்துவிடும். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைய, இழுப்பு பாதிக்கும் மேலாகக் குறைகிறது. ஏனெனில் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நடுவர் விரும்புவதோ மூலத்தைப் போன்ற நிதானமான வேகம். கம்பி விரும்புவதோ விரைவு. ஸ்கேல் ஓட்டத்தின் சங்கடம் முழுவதும் இந்த முரண்பாட்டில் அடங்கியிருக்கிறது.

வித்தை விமானம் கட்டுகிறவர்கள் உட்புற இறக்கையைச் சற்று நீளமாக வைத்து இந்தச் சங்கடத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இரு இறக்கைகளும் மூலத்தில் உள்ளபடி சமமாகவே இருந்தாக வேண்டும். ஆகவே பரிகாரங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாதவையாக அமைய வேண்டும். எஞ்ஜினை இரண்டு டிகிரி வெளிப்புறம் நோக்கித் திருப்பி வையுங்கள். வெளிப்புற இறக்கையின் நுனிக்குள், கூட்டவும் குறைக்கவும் தக்கதாக ஒரு சிறு அறை அமைத்து ஈயம் இடுங்கள். கம்பிகள் இறக்கை நுனியை விட்டு வெளிவரும் இடம் விமானத்தின் எடை மையத்துக்கு 20 மில்லிமீட்டர் அளவு பின்னால் இருக்கட்டும். நுனி எடை போதுமா என்பதைக் கண்டறிய, விமானத்தைக் கண்மட்டத்தில் ஓட்டி, இறக்கைகளை விளிம்போடு விளிம்பாகப் பாருங்கள்: வெளிப்புற இறக்கை தாழ்ந்தால் ஈயம் அதிகம், உட்புறம் தாழ்ந்தால் குறைவு. எடை மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பின்னால் போகவே கூடாது. மூக்கில் எடை சேர்ப்பதற்குச் சோம்பி, 'பறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது எதுவும் இல்லை.

திராட்டிலை ஆள மூன்றாவது கம்பி வைப்பது பழைய முறை. அந்தக் கம்பியும் இழுவிசையை நம்பியே இயங்குவதால், இழுவிசை குறைந்து, திராட்டிலின் உதவி மிக அவசியமாகும் தருணத்தில்தான் அது கைவிடும். எலிவேட்டரைக் கம்பிக்கே விட்டு, திராட்டிலுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கலந்துகொள்ளும் போட்டியின் விதி அதற்கு இடம் தருகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

களத்துக்கு வந்ததும் கம்பிகளைத் துணியால் துடைத்து, முறுக்கு விழுந்த கம்பியை இரக்கமின்றி ஒதுக்கி, இழுத்துச் சோதித்து, கைப்பிடியின் வாரை மணிக்கட்டில் மாட்டுங்கள். மின்கம்பிகள் செல்லும் இடத்துக்கு அருகே எந்தக் காரணத்தைக் கொண்டும் ஓட்டாதீர்கள்.

இப்போது அந்த அரைச் சுற்றுக்கு வருவோம். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால், எதிரே உள்ள பகுதி காற்றின் போக்கில் அமைந்தது. அங்கே காற்று விமானத்தை வெளியே தள்ளிக் கம்பியை இறுக்குகிறது. உங்கள் முதுகுக்குப் பின்னுள்ள பகுதியில் அதே காற்று விமானத்தை உங்களை நோக்கித் தள்ளிக் கம்பியைத் தளர்த்துகிறது. விமானம் இடச்சுற்றாகச் செல்வதால், காற்றைப் பார்த்து நின்ற கணக்கில் அல்லாமல், காற்றுக்கு முதுகு காட்டி நின்ற கணக்கில், வலப்புறத்தில் அதற்குப் பின்காற்றும் இடப்புறத்தில் எதிர்காற்றும் கிடைக்கும். இது புரிந்தால் மற்றவை தாமே விளங்கும். புறப்படும்போது வலப்புறத்துக்கும் எதிர்ப்புறத்துக்கும் இடையில் விமானத்தை விடச் சொல்லுங்கள். சக்கரம் தரையை விட்டு எழுகையில் அது காற்றின் போக்கில் இருக்கும்.

இறங்குவதற்கு முன் இரண்டு மூன்று சுற்றுகளில் வேகத்தைப் படிப்படியாகத் தணித்து, எலிவேட்டரைச் சற்றே மேல்நோக்கிப் பிடித்து உயரத்தைக் காத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றில் விமானம் உங்களுக்குக் காற்று வரும் திசையில் இருக்கும்போது திராட்டிலைத் தொடவே வேண்டாம். நான் கண்ட விபத்துகளில் பெரும்பாலானவை, உயரம் அதிகமாக இருக்கிறதென்று அஞ்சி, அந்த இடத்தில் எஞ்ஜினைச் சட்டென்று அடக்கியதால் விளைந்தவை. அதைத் தாண்டி, பின்காற்றுள்ள வலப்புறத்துக்கு வந்த பிறகே மெல்லக் குறையுங்கள். காற்றின் போக்கிலுள்ள புள்ளியிலோ அதற்குச் சற்று அப்பாலோ முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடட்டும். எதிர்காற்று ஓட்டத்தைத் தணித்து, விமானம் இடப்புறத்தைக் கடக்குமுன்பே நின்றுவிடும். வாலும் சக்கரங்களும் ஒருங்கே தொடும் மூன்று புள்ளி இறக்கம் நிஜத்தில் அழகானதுதான். கம்பி முனையில் அதை முயலாதீர்கள்.

கம்பி தளர்ந்துவிட்டால் கைப்பிடியை ஆட்டிப் பயன் இல்லை. தளர்ந்த கம்பி எந்தச் செய்தியையும் கொண்டுபோகாது. கையை நீட்டியபடி இரண்டடி மூன்றடி விரைவாகப் பின்வாங்குங்கள். கம்பி இறுகியதும் மீண்டும் ஆளத் தொடங்குங்கள். பின்வாங்க இடம் வேண்டுமென்பதற்காக, கடைசிச் சுற்றுக்கு முன்பே நடுப்புள்ளியிலிருந்து விமானம் இறங்கப்போகும் திசையில் ஓரடி முன்னே வந்து நிற்பது என் வழக்கம். உங்களுக்கும் அதையே விதியாகச் சொல்கிறேன். தரையில் மோதித் துள்ளினால், அதை அமுக்கிச் சரிசெய்ய நினையாமல், உடனே திராட்டிலைத் திறந்து இன்னொரு சுற்றுப் போய் வாருங்கள்.

இதைப் பழகுவதற்கு, டாங்கில் கால் பங்கு எரிபொருளோடு, வித்தை எதுவும் செய்யாமல், ஏறுவதும் இறங்குவதுமாகவே ஒரு மாலைப்பொழுதைக் கழியுங்கள். களத்தின் ஓரத்தில் ஒரு கோலில் ரிப்பன் கட்டி வைத்து, ஒவ்வொரு முறையும் எஞ்ஜினைக் கிளப்பும் முன் அதைப் பாருங்கள். காற்று திசை மாறியிருந்தால் விமானத்தை நிறுத்திய இடத்திலிருந்து தூக்கி, புதிய இடத்தில் வைத்த பின்னரே புரொப்பெல்லரைச் சுழற்றுங்கள்.